கோதுமை வயலில் ஒரு புள்ளி

முதல் படத்தில் அது கடுகளவுதான் இருந்தது.

கான்சாஸ் கோதுமை வயலின் மேல் புயல்மேகம் தட்டுத் தட்டாக அடுக்கிவைத்தாற்போல் நின்றது. அதன் காலடியில், வயலும் வானமும் தொடும் இடத்தில், ஒரு கரும்புள்ளி. டோரீன் வண்டிக்குள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அலுப்போடு அதைப் பார்த்தாள். கேமராவுக்குள் தூசி புகுந்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி விழும். இருபத்தாறு வருஷமாகப் புயலைத் துரத்திப் படமெடுப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு அழித்தாள். இனி வருகிற படங்களிலும் அந்த இடத்தைத் தானாகவே அழிக்கும்படி கணினிக்குக் கட்டளையும் கொடுத்துவிட்டாள்.

பதினோரு நாள் அலைச்சல். மோட்டல் மெத்தை, பெட்ரோல் பங்க் காப்பி, ஆலங்கட்டி அடித்து விரிசல் விட்ட முன்கண்ணாடி. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. வண்டிக்கு முன்னாலிருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் முக்காலியில் நின்ற கேமரா, பத்து நொடிக்கொரு படம் மடிக்கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் வட்டத்துக்கு வெளியே புள்ளியின் ஓரம் எட்டிப் பார்த்தது. தூசி ஈரத்தில் ஊறியிருக்கும் என்று வட்டத்தைப் பெரிதாக்கினாள். மறுபடியும் எட்டிப் பார்த்தது. மறுபடியும் பெரிதாக்கினாள். தூசி வளராது என்பது அவளுக்குத் தெரியும். அவள் களைப்புக்குத் தெரியவில்லை.

"போதும் டோரீன். புயல் நம்ம பக்கம் திரும்பிருச்சு, கிளம்பலாம்," என்றான் வண்டியோட்டும் வெர்ன், ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி.

"ரெண்டே படம். ஒமாஹாவில படக் கண்காட்சி வைக்கிறவளுக்கு ஒண்ணாவது உருப்படியா அனுப்பணும்."

"பதினோரு நாளா ரெண்டே படம்தான்." சூரியகாந்தி விதைத் தோலைக் கோப்பைக்குள் துப்பிவிட்டு மஞ்சள் மழைக்கோட்டை மாட்டினான். "நான் போய் கேமராவைக் கழட்டிட்டு வரேன். மூக்குக்கண்ணாடி நனைஞ்சா எனக்கு மாடு எது, மரம் எதுன்னு தெரியாது. நீதான் எனக்குக் கண்ணு, மகாராணி. தூங்கிடாதே."

முழங்கால் வலியில் சாய்ந்து சாய்ந்து மேடேறி மறைந்தான். அவன் இல்லாமல் இந்தச் சாலைகளில் ஒரு மைல்கூட அவள் போனதில்லை. திரும்பி வரட்டும், உடனே கிளம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வெளிச்சம் பாசிக் குட்டைத் தண்ணீர்போலப் பச்சையாகிக்கொண்டு வந்தது. ஈரமண்ணும் நசுங்கிய கோதுமையும் கலந்த வாடை ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்தது. அதுவரை வண்டியை உலுக்கிக்கொண்டிருந்த காற்று, யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"டோரீன், முக்காலிக் கால் சேத்துல புதைஞ்சு கிடக்கு. ஏய், வயலுக்குள்ளேர்ந்து யாராவது வராங்களா?"

திரையைப் பார்த்தாள். வெறும் கோதுமை. "யாரும் இல்ல."

"சரசரங்குதே. நடக்கிற மாதிரி."

"காத்தா இருக்கும்."

"காத்துதான் நின்னுபோச்சே. நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தாள். படத்தின் நடுவில் ஒரு முறிந்த கதிர். பக்கத்தில் அதே முறிந்த கதிர். அதற்கும் பக்கத்தில் அதேதான். அழித்த இடத்தைக் கணினி பக்கத்துக் கோதுமையை நகலெடுத்து ஒட்டி மூடியிருந்தது. அது அவள் போட்ட வட்டம். இப்போது படத்தில் பாதி.

கட்டளையை நீக்கினாள்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கடுகளவு. விரலளவு. பிறகு ஓர் ஆள். நேராகக் கேமராவை நோக்கி நடை. அதனால்தான் இடம் மாறவில்லை. கைகள் முழங்காலுக்கும் கீழே. இன்னும் கிட்டே. இன்னும்.

கடைசிப் படம் முழுக்க ஈரமான கறுப்புத் துணி.

"வெர்ன்! ஓடி வந்துரு! வெர்ன்!"

கரகரப்பு மட்டும்.

பத்து நொடி.

அடுத்த படம். வெறும் கோதுமை. தூரத்தில், மேகத்தின் காலடியில், அதே இடத்தில், கடுகளவாய் இரண்டு புள்ளிகள். ஒன்று கறுப்பு. ஒன்று மஞ்சள்.

வாக்கிடாக்கியில் வெர்னின் குரல். ரொம்பக் களைத்திருந்தது.

"டோரீன். வண்டில யாராவது இருக்காங்களா?"

அடுத்த படம் வந்தது. இரண்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தன.