ஏழாம் மாடியில் நல்ல மனிதர்கள்

‘மருத்துவத்துக்கு இதயம் வந்த இடம் இது’ என்று மருத்துவமனை வாசலில் கருங்கல்லில் பொறித்திருந்தார்கள். இலக்கியமும் வைத்தியமும் கைகோத்த அந்த நாளை வருங்காலம் வணங்கும் என்றது அடுத்த வரி. மூன்றாவது வரியை, யாரோ ஒருத்தி காயப்போட்டிருந்த ஈரத்துண்டு மறைத்தது. அவள் சக்கர நாற்காலியில் இருந்த கணவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“நாசமாப் போறவனே! சர்க்கரை நானூறு இருக்கு, உனக்கு ஜாங்கிரி கேக்குதா?”

கணவன் நிம்மதியாகத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு மருந்து உண்டு.

அந்தக் கல்வெட்டு வாசகத்தை அருளிய மருத்துவக் கவிஞர் பொழிலரசு, அதே நேரம் ஏழாம் மாடியில் கண் விழித்தார். நேற்று அவரைச் சேர்த்தது மூன்றாம் மாடியில். பித்தப்பையில் கல். காலை பத்து மணிக்கு அறுவை, அரை மணி நேர வேலை என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பத்தரை. கையில் ஏற்றியிருந்த சொட்டுமருந்துக் குழாயைக் காணோம். வலி மட்டும் வலது விலாவுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

காலை நேரத்தில் அங்கே அந்தி வெளிச்சம். மற்ற மாடிகளில் எப்போதும் கேட்கும் கூச்சல் இல்லை. எதிர்க் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பம் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தது.

“யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்லை.”

“தங்கமான மனுஷன்.”

ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் கட்டிலின் மேலிருந்த விளக்கு ஒரு துளி மங்கியது. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

“செவிலித்தாயே, என்னை ஏன் இங்கு கொணர்ந்தீர்கள்?” என்றார் பொழிலரசு. நோயிலும் அவர் மேடைத் தமிழை விட்டதில்லை.

“நான் எங்க சார் கொண்டாந்தேன்? கதைச்செவி மாத்திடுச்சு,” என்றாள் நர்ஸ் மெட்டில்டா. “நேத்து சாயங்காலம் உங்க மன்றத்து ஆளுங்க வந்து ஒரு மணி நேரம் பேசினாங்களே.”

வந்தார்கள். பன்னிரண்டு பேர். ‘தமிழின் நாடித் துடிப்பு’ என்றார் ஒருவர். ‘ஈடு செய்ய முடியாதவர்’ என்றார் இன்னொருவர். அதைக் கேட்டபடியே பொழிலரசு இனிமையாகத் தூங்கிப்போனார்.

கதைச்செவி என்பது ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பதித்திருக்கும் புளியங்கொட்டை அளவுக் கருவி. ரத்தமும் எக்ஸ்ரேயும் நோயைத்தான் சொல்லும், நோயாளியோ ஒரு கதை, அந்தக் கதையைக் கேட்டு மருந்து கொடு என்பது கொள்கை. யாருக்கு எவ்வளவு மருந்து, யாருக்கு அறுவை, யாருக்கு இனி எல்லாமே வீண், ஏழாம் மாடிதான் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும். அதற்கு யாரும் விதி எழுதித் தரவில்லை. இருபது ஆண்டுகளாகக் கட்டிலோரம் பதிவான பேச்சுகளைக் கொடுத்து, நீயே கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அது ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டது. பிழைக்கப்போகிறவனைச் சொந்தக்காரர்கள் திட்டுகிறார்கள். சாகப்போகிறவனை மட்டும்தான் புகழ்கிறார்கள்.

“இது பிழை! எனக்குப் பித்தக்கல்!”

“அந்தப் பெரியவருக்குக் கால் எலும்பு முறிவுதான் சார்,” மெட்டில்டா எதிர்க் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். “பிள்ளைங்க ரொம்பப் பாசம்.”

“அந்தக் கருவியை உருவாக்கியவனே நான்!”

“முன்னுரை எழுதினீங்க சார்.”

“பணியிலிருக்கும் மருத்துவரை அழையுங்கள். அவர் மாற்றட்டும்.”

“ஆஸ்பத்திரி விதி பதினாலு,” என்றாள் மெட்டில்டா. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைபோல ராகமாக ஒப்பித்தாள். “கதை தந்த தீர்ப்பதனைக் கத்தி பிடித்த கை திருத்தல் ஆகாது. நீங்க எழுதினதுதான். வெண்பாவான்னு எனக்குத் தெரியாது.”

வெண்பா இல்லை என்பது பொழிலரசுக்குத் தெரியும்.

அவர் தலைமாட்டைப் பார்த்துத் திரும்பித் தானே பேசிப் பார்த்தார். “நான் தீயவன். செருக்கன். எவருக்கும் பயன்படாதவன்.”

அவர் விளக்கு சட்டென்று பாதியானது.

“ஐயோ, சும்மா இருங்க சார்! கடைசி நேரத்துல பாவத்தை ஒத்துக்கிறவங்கன்னு ஒரு கணக்கு வச்சிருக்கு அது.” மெட்டில்டா குரலைத் தாழ்த்தினாள். “உங்களை மனசாரத் திட்டுற ஆள் யாராவது வேணும். நடிச்சா குரலை வச்சே கண்டுபிடிச்சிடும்.”

பொழிலரசுக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. திறனாய்வாளர் ஞானமுத்து. முப்பது ஆண்டுகளாக அவருடைய எல்லா நூல்களையும் பத்திரிகைகளில் கிழித்துத் தோரணம் கட்டியவர். செய்தி போனதும் ஞானமுத்து அரை மணியில் ஓடி வந்தார். வந்தவர் அந்தி வெளிச்சத்தைப் பார்த்தார், வெளிறிய முகத்தைப் பார்த்தார்.

“திட்டுமய்யா,” என்றார் பொழிலரசு. “அந்த மூன்றாவது தொகுப்பைப் பற்றி ‘மலச்சிக்கலின் இசை’ என்று எழுதினீரே, அதைச் சொல்லும்!”

ஞானமுத்து வாயைத் திறந்தார். உதடு கோணியது. “பாவி... அந்தத் தொகுப்புல நாலு வரி நல்லா இருந்துச்சுய்யா. நான்தான் பொறாமையில...” என்று ஆரம்பித்துத் தேம்பி அழுதார். மெட்டில்டா பாய்ந்து அவர் வாயைப் பொத்தி வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

விளக்கு இப்போது கங்குபோல இருந்தது. பொழிலரசு எதிரே பார்த்தார். அங்கே குடும்பம் இல்லை. கட்டில் இருந்தது, புது விரிப்போடு. எப்போது நடந்தது, ஏன் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. ஏழாம் மாடியில் கணிப்பு இதுவரை தவறியதில்லை என்று ஆண்டறிக்கையில் அவரே பெருமையாகப் படித்திருக்கிறார். மருந்தை நிறுத்திவிட்டால் எப்படித் தவறும் என்று அன்று அரங்கில் யாரும் கேட்கவில்லை.

மதியம் தட்டச்சம்மா வந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய உரைகளைத் தட்டச்சு செய்து, பொன்னாடைகளை மடித்து வைக்கும் அம்மாள். கையில் கோப்பு.

“ஐயா, பவள விழா மலருக்கு உங்க கையெழுத்து...”

“அதை விடும்மா. என்னைத் திட்டு.”

“எனக்கு அதெல்லாம் வராதுங்கய்யா.”

“உயிர் போகிறதம்மா!”

அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தார். “ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கீங்களா?” என்று தயங்கிக் கேட்டார். விளக்கு லேசாகத் துடித்தது. “எங்கம்மா செத்த அன்னிக்கு லீவு கேட்டேன். உரையை முடிச்சிட்டுப் போன்னீங்க. என்ன உரை? ‘அன்னையின் அருமை’!”

“சரியம்மா, இன்னும் கொஞ்சம்...”

“இலக்கிய மருத்துவம்னு அறுநூறு பக்கம். யாரு எழுதினது? நீங்க வண்டியில போறப்ப ‘மனிதம், மனிதம்’னு நாலு தடவை சொன்னீங்க. மிச்சத்தை ராத்திரியெல்லாம் உக்காந்து நான் எழுதினேன். தலைவலின்னு சொன்னா ஒரு மாத்திரை உண்டா உங்ககிட்ட? டாக்டராய்யா நீங்க? மனுஷனாய்யா நீ?”

விளக்கு பளீரென்று வெள்ளையானது. எங்கோ மணி அடித்தது. இரண்டு ஆட்கள் தள்ளுகட்டிலோடு ஓடி வந்தார்கள், ஒருத்தன் ஊசியைப் போட்டான். பொழிலரசுக்கு அழுகையாக வந்தது. பிழைத்துவிட்டார். “போதும்மா,” என்று கும்பிட்டார். அந்த அம்மாள் நிறுத்தவில்லை. லிஃப்ட் வரை கூடவே வந்து, இரண்டாயிரத்து அறுபதாம் ஆண்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் வாசலில் மெட்டில்டா ஒரு படிவத்தோடு நின்றாள். “எல்லாம் ஓகே ஆயிடுச்சு சார். சும்மா ஒரு சம்பிரதாயம். திட்டினவங்களை நெருங்கின உறவுன்னு பதிவு பண்ணணும், நோயாளிதான் சொல்லணும். இவங்க பேரு?”

தட்டச்சம்மா சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

பொழிலரசுக்கு அந்தப் பெயர் தெரியாது.