பெண்வழி வந்த தடை

"புள்ளைய அடிக்கிறேன்னு வூட்ட விட்டுத் தொரத்திட்டாங்க மேடம். ரெண்டு வயசுப் புள்ள. நானா அடிப்பேன்?" என்று கேட்டாள் கனகா.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்த வகிதா, ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். அவள் பதில் சொல்வதற்குள், ஆட்டோ ஓட்டும் தம்பி மஹபூப் பாஷா முந்திக்கொண்டான்.

"மாமியாதான்க்கா. கேஸ் முடிஞ்சிச்சி."

"உனக்கு எல்லா கேஸ்லயும் மாமியாதான். உன் மாமியாவத் தவிர," என்றாள் வகிதா. பிறகு கனகாவிடம் திரும்பினாள். "எங்கெங்க காயம்?"

"முட்டி, முழங்கை. நீலமாக் கன்னிப் போயிருக்கு."

"அடிக்கிற கை முதல்ல கன்னத்துக்கும் காதுக்கும்தான் போகும். அங்க?"

"ஒண்ணுமில்ல. காதே இன்னும் குத்தல மேடம். எங்கம்மா வழில ஆம்பளப் புள்ளைக்குக் குத்தினா அம்மன் கோவிச்சுக்கும். எங்க மாமாவுக்கும் குத்தல, அம்மாவோட தாய்மாமனுக்கும் குத்தல. மாமியா அதக் கேக்கல. காது குத்த இன்னிக்கே பத்தர வரச் சொல்லிக்கீறாங்க."

வகிதா சட்டென்று எழுந்தாள். "பாஷா, வண்டிய எடு."

மாகறலில், கனகாவின் மாமியார் வீட்டில், பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வகிதா அவரை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். இடது முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. முழங்கையில் பழைய காயம் மஞ்சளாகியிருந்தது. கணுக்காலில் ஒன்று புதுநீலம்.

"இது எப்போ?"

"காலைலதான். பொம்மை மேல விழுந்தான்," என்றாள் மாமியார் முனியம்மாள்.

"கனகா போய் ஒரு வாரமாச்சே. அப்போ இது யார் அடிச்சது?"

கனகாவின் கணவன் சுகுமார் தலை கவிழ்ந்தான்.

"குலதெய்வம் எந்த வழில வரும்மா?" என்று கேட்டாள் வகிதா.

"இன்னா கேள்வி இது? அப்பன் வழிதான். கட்டிக்கினு போனா புருஷன் வூட்டு சாமி."

"அப்போ இந்தத் தடை மட்டும் ஏன் அம்மா வழியா வருது? பொண்ணுங்க ஒவ்வொரு ஊராக் கட்டிக்கினு போனாங்க. சாமி மாறிச்சி, தடை மாறல. கோவம் சாமியோடது இல்லம்மா, இது ரத்தத்துல வர்றது. பொண்ணு சுமந்துக்கினு வருவா, பெரும்பாலும் அவளுக்கே தெரியாது. அவ பெத்த ஆம்பளப் புள்ளைங்கள்ல சிலருக்கு ரத்தம் உறையாது. என்னிக்கோ காது குத்தி ஒரு புள்ள போயிருக்கும். காரணம் மறந்துபோயி பயம் மட்டும் நின்னுச்சி."

பத்தர் ஊசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

செங்கல்பட்டில் எடுத்த ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. ரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் காரணி என்ற புரதம் குழந்தையிடம் ஏறக்குறைய இல்லை. தவறாமல் ஊசி போட்டால் ஓடலாம், பள்ளிக்கூடம் போகலாம் என்றார் மருத்துவர்.

"கடைசில இவகிட்டருந்துதான வந்திச்சி," என்றாள் முனியம்மாள்.

பாஷா வாயைத் திறந்தான். அக்காவின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான்.

"நான் குடுத்ததா மேடம்?"

"ஆமா. தெரிஞ்சு குடுக்கல."

சுகுமார் குழந்தையைக் கனகாவிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை. அடித்தாயா என்று கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்ல அவளால் முடிந்தது. இதற்கு என்ன சொல்வது? எங்கே பிடித்தால் அவனுக்கு வலிக்காது?

குழந்தை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தகப்பனின் கையிலிருந்து சரிந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"பாத்து, பாத்து!" என்று முனியம்மாள் பதறினாள்.

கனகா மூச்சைக்கூட மெல்ல விட்டபடி மகனை ஏந்திக்கொண்டாள்.