மஞ்சள் மூட்டத்துக்கு வந்த நாலாவது ஆள்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மத்தியானம் மூன்று மணிக்கே கிள்ளான் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சுகுமாறன் கிட்டாரை மாட்டிக்கொண்டு முன்னால் போக, பேஸ் கிட்டாரின் எடையில் ஒரு பக்கம் சாய்ந்தபடி பின்னால் வந்தாள் விஷ்ணுப்ரியா. மூலை வீட்டு வாசலில் பாசிலும் அவன் மாமா ஜெய்னுதீனும் லோரியிலிருந்து டிரம் செட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவுக்கு ஜவுளி வியாபாரம். விற்காமல் தேங்கிய துணிக்கட்டுகளைப் போட்டுவைக்கத்தான் அந்தப் பழைய வீட்டை வாங்கியிருந்தார். பக்கவாட்டில் ஜன்னல் இல்லாத ஒரு கார் கொட்டகை. முன்னால் இழுத்து மூடும் இரும்பு ஷட்டர். எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கண்ட இடத்தில் சுற்றுவதைவிட அங்கே பாட்டுப் பழகுவது தேவலை என்று நினைத்தார்.

"சத்தம் வெளிய வந்துச்சுன்னா சாவியப் புடுங்கிருவேன்."

"வராது மாமா. சுத்திலும் துணி. எல்லாத்தையும் குடிச்சிரும் லா," என்றான் பாசில்.

பேண்டுக்கு 'மஞ்சள் மூட்டம்' என்று பெயர் வைத்தவன் சுகுமாறன். புகைமூட்டக் காலத்து வெயில்போல இருக்கணுமாம் பாட்டு. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சுழலணும். பெடலை மிதித்தால் கிட்டார் ஒலி இழுபட்டுக் கரைந்து திரும்பி வரணும். கேட்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்கணும். இந்தக் காலத்தில் இதை யார் கேட்பார்கள் என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியவில்லை. ஆனால் முதலாம் வகுப்பிலிருந்து அவன் எதைத் தொடங்கினாலும் கூடப் போய்த்தான் அவளுக்குப் பழக்கம். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மூன்றாவது வாரத்தில் தங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள். லேப்டாப்பில் போட்டுக் கேட்டபோது சுகுமாறன் கையைத் தூக்கினான்.

"பிரியா, நீ ஹம் பண்ணியா?"

"இல்லையே. நான் வாயே தொறக்கல."

அவன் குரலுக்கு அடியில், கிட்டாருக்கும் அடியில், ஒரு பெண் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிற இடமே இல்லாத இழுப்பு. டிரம் மைக்கில் பதிவானதை மட்டும் தனியாகக் கேட்டார்கள். அதிலும் இருந்தது. பேஸ் மைக்கிலும் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே அளவு, அவள் மூன்று பேருக்கும் சமமான தூரத்தில் நின்றதுபோல.

"ஸ்பீக்கர் இரைச்சலா இருக்கும்," என்றான் பாசில்.

"என்னவா இருந்தாலும் சரி, எடுக்கக் கூடாதுடா." சுகுமாறனின் கண்கள் மின்னின. "பாட்டே இதுதான்."

பாட்டை இணையத்தில் போட்டார்கள். பத்தே நாளில் முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஜெஞ்சாரோமிலிருந்து ஒருவர், செம்பனைத் தோட்டத்து வழியாகக் கார் ஓட்டும்போது கேட்டேன், கார் தானாக நின்றுபோச்சு என்று எழுதினார். பாதிப்பேர் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: பின்னால் பாடும் அந்தப் பெண் யார்?

சுகுமாறன் எல்லாருக்கும் ஒரே பதில் போட்டான். 'எங்கள் நாலாவது ஆள்.'

அதற்குப் பிறகு ஹம்மிங்கைக் கேட்க லேப்டாப் தேவைப்படவில்லை.

ஷட்டரை இறக்கினால் போதும். ஈரத்துணி வாடைக்கு நடுவில் முகப்பவுடர் மணக்கும். அதற்கடியில் பூட்டிக் கிடந்த அறையின் மூத்திர நெடி லேசாக ஏறும். பிறகு துணிக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து அது தொடங்கும். முதலில் அவர்கள் பாட்டை அது தொடர்ந்தது. போகப்போக அது முன்னால் போனது, சுகுமாறன் பின்னால் போனான். அவன் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இரண்டு வரி. ஒரு வரி. கடைசியில் வெறும் 'ம்ம்ம்'.

"டேய், வார்த்தையப் பாடு," என்பாள் விஷ்ணுப்ரியா.

"மறந்துபோச்சு," என்பான் அவன், தன்மேலேயே ஆச்சரியப்பட்டவன்போல.

ஜூலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் வாய்ப்புக் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணி. நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றார்கள். கொட்டகையை விட்டு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் அன்று அவள் விரல்கள் லேசாக ஓடின. பாட்டு முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நன்றி சொல்ல மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தான் சுகுமாறன்.

'ம்ம்ம்' என்று வந்தது.

பெண் குரல்.

கூட்டம் அதையும் பாட்டு என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டியது. பக்கத்தில் நின்ற விஷ்ணுப்ரியா மட்டும் அவன் கண்ணைப் பார்த்தாள். தண்ணீருக்குள் மூழ்குகிறவன் கரையில் நிற்பவரைப் பார்க்கும் பார்வை. கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பாசிலும் அவளும் கொட்டகைக்கு எதிர்வீட்டு லெட்சுமி ஆன்டியைத் தேடிப் போனார்கள். ஆன்டி கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"அங்க முன்ன யாரு ஆன்டி இருந்தாங்க?"

"ஒரு புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் ஃபேக்டரி வேலை. சீதாலெட்சுமின்னு ஒரே மக. முப்பது வயசிருக்கும், பேச்சு வராது. வேலைக்குப் போறப்ப அந்தக் கொட்டகையில விட்டுப் பூட்டிட்டுப் போவாங்க. நாள் பூரா முனகிக்கிட்டே கெடக்கும்." ஆன்டி கேட்டுக் கம்பியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "ஒரு நாள் மத்தியானம் முனகல் நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சும்மா எங்களுக்கு. சாயங்காலம் அவங்க வந்து தொறக்கிற வரைக்கும் அப்பாடான்னுதான் இருந்தோம்."

பாசில் அன்றே கொட்டகைக்குப் போய், ஆன்டி சொன்னதைச் சுகுமாறனிடம் சொல்லிவிட்டு, டிரம் குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டான்.

"நான் வரமாட்டேன். மாமாகிட்ட சொல்லிப் பூட்டச் சொல்லப்போறேன்."

சுகுமாறனுக்கு அப்போதே பேச்சு திக்கியது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்தான். "அது... யாருக்கும்... கேக்கலடா. உள்ள இருந்தப்ப... யாரும் கேக்கல. இப்பத்தான்... கேக்கறாங்க."

"அதுக்கு உன் தொண்டையக் குடுப்பியா? பைத்தியமா லா நீ?"

"நான்... குடுக்கல."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பாசில் சுவரைக் குத்திவிட்டு அழுதுகொண்டே வெளியே போனான். ஏப்ரலில் தொடங்கி நாலே மாதத்தில் முடிந்தது மஞ்சள் மூட்டம்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் சுகுமாறனின் அம்மா நல்லம்மாள் விஷ்ணுப்ரியாவுக்குப் போன் போட்டார். "பிரியா, தம்பி உங்கூட இருக்கானாம்மா?"

அவள் மழையில் கொட்டகைக்கு ஓடினாள். ஷட்டர் இறக்கியிருந்தது. வெளியே பூட்டு இல்லை. குனிந்து இழுத்தாள், அசையவில்லை. காதை வைத்தாள்.

உள்ளே இரண்டு குரல்கள்.

ஒன்று முனகல். இன்னொன்று சுகுமாறனுடையது, தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா. தண்ணி. சனிக்கிழமை. பாசில். ஒவ்வொரு சொல்லையும் அவன் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் குரல் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னது, குழந்தை பேசப் பழகுவதுபோல. திருப்பிச் சொன்ன சொல்லை அவன் மறுபடி சொல்லவில்லை.

"சுகு! பேசாதடா! வாய மூடு!"

விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வரும்வரை ஷட்டரை இழுத்தாள். கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது, மூடிக்கொண்டது.

"பிரியா," என்றான் சுகுமாறன் உள்ளேயிருந்து, மிக மெதுவாக.

"பிரியா," என்றது அந்தக் குரல்.

ஷட்டர் தானாகத் தளர்ந்தது. துணிக்கட்டுகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். கண் அவளை அடையாளம் கண்டது. வாய் அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

டாக்டர்கள் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை, மன அழுத்தமாக இருக்கலாம் என்றார்கள். ஜெய்னுதீன் மாமா ஆள் வைத்துக் கொட்டகையை இடித்துத் தரைமட்டமாக்கினார். நல்லம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு செந்தூலில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனார். பாசில் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டான். விஷ்ணுப்ரியா மட்டும் ஞாயிறுதோறும் ரயில் ஏறிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதைத் தவிர அவளால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை அவள் போன் சிணுங்கியது. மஞ்சள் மூட்டத்தின் இணையப் பக்கத்தில் புதிய பாட்டு. பாஸ்வேர்டு சுகுமாறனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் போனையோ லேப்டாப்பையோ தொட்டே மாசக்கணக்காகிறது.

செந்தூலுக்குப் போய், அவன் முன்னால் உட்கார்ந்து, அதை ஓடவிட்டாள்.

கிட்டார் இல்லை. டிரம் இல்லை. சுகுமாறனின் குரல் மட்டும், தெளிவாக, திக்காமல், பள்ளிக்கூட நாள்களில் பாடியதுபோலவே பாடியது. கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டியது. பாட்டு நின்றது.

"பிரியா, இங்க வாயேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றது அந்தக் குரல்.

அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்கடா இருக்க? எங்க வரணும்?"

எதிரே சுகுமாறன் எழுந்துவிட்டான். மேசையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, காகிதம் தேடப் பொறுமையில்லாமல், அவள் உள்ளங்கையைப் பிரித்து அதிலேயே அழுத்தி எழுதினான்.

'போகாத. கூப்பிடறது நான் இல்ல.'

பாட்டு முடிந்து போன் திரை அணைந்திருந்தது.

"பிரியா," என்றது அவன் குரல், சாத்தியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து.