உதறினால் இறங்கும் பாதரசம்

"அந்த நர்ஸ உள்ள தள்ளணும் டாக்டர். எங்கம்மாவக் கொன்னுட்டா."

வந்தவள் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். தாய் இறந்த செய்தி கேட்டு ஓடிவந்தவள்.

டாக்டரம்மா பாதி ஆயுளைப் பிரேதப் பரிசோதனை அறையில் கழித்து ஓய்வுபெற்றவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். அவசரப்படுவதற்கென்றே பக்கத்து மருந்துக்கடைக் கம்பவுண்டர் இருந்தார். விசாரணை என்று காதில் விழுந்தால் போதும், கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு வந்துவிடுவார். நீளமான இங்கிலீஷ் வார்த்தை என்றால் அவருக்கு உயிர்.

மகள் ஒரு மாத்திரை அட்டையையும் தெர்மாமீட்டரையும் மேஜையில் வைத்தாள். பாதரசம் கடைசிக் கோட்டில் நின்றது.

"அம்மா காலையிலேர்ந்து கீழ் ரூம்ல காய்ச்சலோட படுத்திருந்தாங்களாம். அண்ணன்தான் இத வாயில வச்சுப் பாத்திருக்கான். வீட்டுல அம்மாவப் பாத்துக்கற நர்ஸ் வாங்கி வச்ச மாத்திரைய மூணு தடவ குடுத்தும் இம்மிகூடக் குறையல. போலி மாத்திரை! போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். அவள ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க."

"நர்ஸ் அன்னைக்கு எங்க?"

"லீவு. வீட்ட வாங்கறதுக்கு ஆளுங்க பாக்க வர்றாங்கன்னு அண்ணனே அனுப்பிட்டானாம்."

"தெர்மாமீட்டர எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"அம்மா பையிலதான். தும்மினாக்கூட வாயில வச்சுப் பாக்கறவங்க. பை மாடியில தகர ரூம்ல கிடந்துது."

கம்பவுண்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "போலியா? இது என் கடை மாத்திரைம்மா! அசல் ஆன்டிபைரெடிக், காய்ச்சல இறக்கற மருந்து!"

மூவரும் கிளம்பிப் போனார்கள். தாயின் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்கியது. அண்ணன் மாடிக்கு அழைத்துப் போனான். தகரக் கூரை போட்ட சின்ன அறை. இருந்த ஒரே ஜன்னலிலும் பலகை அடித்திருந்தது. கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. அலமாரியில் நின்ற மெழுகுவர்த்தி ஏற்றப்படாமலே தலை கவிழ்ந்து வளைந்திருந்தது. டாக்டரம்மா தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கினார். அதைப் பைக்குள் போட்டு, பையை அங்கேயே வைத்துக் கதவைச் சாத்தினார்.

நடுப்பகல் தாண்டும்வரை எல்லோரும் கீழே காத்திருந்தார்கள். பிறகு கம்பவுண்டர் ஓடிப்போய்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்தார்.

"கடைசிக் கோடு! யார் வாயிலயும் வைக்காமலே!"

"ஏறின பாதரசம் உதறாம இறங்காது. அன்னைக்கு இது அளந்தது அந்த ரூமோட சூட்ட, உங்கம்மா வாயோடத இல்ல. கம்பவுண்டர், பைரெக்சியான்னா என்ன?"

"காய்ச்சல்."

"ஹைபர்தெர்மியா?"

"அதுவும் காய்ச்சல்தான். வார்த்தை கொஞ்சம் பெருசு."

"இல்ல. கிரேக்கத்துல பைர்னா நெருப்பு, தெர்மேன்னா சூடு. அதுலேர்ந்து வந்த ரெண்டு பேரு, ரெண்டு வேற சமாசாரம். மூளைக்குள்ள சூட்ட ஒரே அளவுல நிறுத்தி வைக்கற ஒரு தெர்மோஸ்டாட் மாதிரி இருக்கு. காய்ச்சல்ல உடம்பே அத ஏத்தி வைக்குது. ஆன்டிபைரெடிக் அத இறக்கும், கொஞ்சமாவது குறையும். ஹைபர்தெர்மியால தெர்மோஸ்டாட் சரியாத்தான் இருக்கு, வெளிச்சூடு உள்ள ஏறிடுது. அங்க எந்தக் கடை மாத்திரையும் வேலை செய்யாது. மூணு மாத்திரைக்கும் அசையலன்னதுமே எனக்கு சந்தேகம். உங்கம்மாவுக்குக் காய்ச்சலே இல்ல. அவங்கள அந்தத் தகர ரூம்ல வச்சுப் பூட்டியிருக்காங்க."

அண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"வீடு பாக்க வர்றவங்ககிட்டல்லாம் அம்மா 'இது விக்கறதுக்கில்ல'ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. கொஞ்ச நேரம்னுதான் மேல பூட்டி வச்சேன். வந்தவங்க பேசிட்டே உக்காந்துட்டாங்க."

"கதவத் தட்டலையா?"

"தட்டினாங்க. அப்புறம் சத்தமே இல்ல. தூங்கிட்டாங்கன்னு நெனச்சேன். தெறந்து பாத்தா உடம்பு கொதிக்குது. தூக்கிட்டு வந்து கீழ போட்டு மாத்திரை குடுத்தேன்."

அண்ணன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மட்டும் பாக்காத பாப்பா. 'அவங்க போறவரைக்கும் அம்மாவ மேல போட்டுப் பூட்டு'ன்னு போன்ல சொன்னது யாரு?"

பை மாடியில் கிடந்ததைப் பார்த்தபோதே மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது.

"ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு பண்ணாத தப்புக்கு உக்காந்திருக்கா. புகார மாத்தி எழுதுங்க," என்று தாளை நீட்டினார்.

மகள் வாங்கி எழுதினாள். நர்ஸ் மேல் தப்பில்லை என்று எழுதினாள். அதற்குக் கீழே அண்ணன் பெயரை முத்து முத்தாக எழுதி, தாளைத் திருப்பித் தந்தாள்.

"இன்னொரு பேரு விட்டுப்போச்சே," என்றார் டாக்டரம்மா.

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் இந்த ஊர்லயே இல்லையே டாக்டர்," என்றாள்.