பட்டறை நோட்டும் அண்ணன் நோட்டும்

திங்கட்கிழமை. காலை மணி 8.40.

மெக்கானிக்குக்குத் தன் மேசை இழுப்பறையைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. அது ஏற்கெனவே திறந்து கிடந்தது. நெம்பப்பட்ட பூட்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய தடித்த நோட்டைக் காணோம்.

அந்த நோட்டு அவளுடைய இரண்டு வருஷம். நாலு கதவு வைத்த ஒரு கிழட்டுக் காரின் கூரையை அறுத்து, உடம்பைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் திறந்த வண்டியாக்கியிருந்தாள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும், பற்றவைத்த ஒவ்வோர் அங்குலமும் தேதியோடு அதில் ஏறியிருந்தது. தும்மினால் அதையும் எழுதிவிடுவாள் என்று பட்டறையில் கேலி உண்டு.

பன்னிரண்டு மணிக்குப் பழைய வண்டிச் சங்கத்தின் மதிப்பீட்டாளர் வருகிறார். நோட்டு இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. நோட்டு யார் கை வேலை என்று சொல்கிறதோ அவர் பெயர்தான் சான்றிதழில் ஏறும். சங்கம் கட்டி முடித்திருக்கும் புதுப் பட்டறைக்கும் அந்தப் பெயருக்குரியவர்தான் தலைவர். அந்த நாற்காலிக்காகத்தான் அவள் இரண்டு வருஷம் நகக்கண்ணில் கிரீஸோடு தூங்கினாள்.

மணி 9.30.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி. உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். சுற்றிச் சுற்றி நடப்பார். பூட்டைப் பார்த்தார். சுவர் ஆணியில் தொங்கிய பழைய கம்பிக் கொத்தைப் பார்த்தார். கிழட்டுக் காரிலிருந்து உருவிய மின்கம்பிகள் அவை. துணி சுற்றியவை, எல்லாம் ஒரே மண் நிறம். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காகிதச் சீட்டு.

“என்னம்மா இது?”

“எது எங்க போகுதுன்னு கம்பியைப் பாத்துத் தெரியாது மேடம். அதான் சீட்டு கட்டுனேன். சீட்டுல இருக்கற நம்பர் நோட்டுல இருக்கும்.”

“கடைசியா நோட்டை எப்ப பாத்தீங்க?”

“வெள்ளி சாயங்காலம். சனி, ஞாயிறு காய்ச்சல். வீட்டுல கிடந்தேன்.”

சனி, ஞாயிறில் பட்டறைக்குள் வந்தவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள் பெயிண்டர்.

“நோட்டு மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“கோவமா? நான் அடிச்ச பெயிண்ட்ல கொப்புளம் வந்துச்சாம். மூணு தடவை சுரண்ட வச்சுது அந்தம்மா. மூணையும் எழுதி வேற வச்சுது! சங்கத்துக்காரங்க படிச்சா என் மானம் என்னாகறது?”

“அப்ப நோட்டு போனதுல சந்தோஷம்?”

“ரொம்ப. ஆனா நான் எடுக்கல. எடுத்திருந்தா அந்த மூணு பக்கத்தை மட்டும்தான் கிழிச்சிருப்பேன்.”

அடுத்தவர் காரின் சொந்தக்காரர், பல் டாக்டர். உலகத்தில் உள்ள வாய்களையெல்லாம் திறக்கச் சொன்னவருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை.

“சீட் பெல்ட் வேண்டாம், அழகு கெடும்னு நான் அடம்புடிச்சேன். அதையும் எழுதிட்டா. ஆனா நோட்டு போனா சர்டிபிகேட் கிடைக்காம என் கார் ரோட்டுக்கே வராதே மேடம்!”

மூன்றாவது ஆள் மெக்கானிக்கின் அண்ணன். பட்டறையில் அவருக்கு ஷோரூம் என்று பெயர். வாசலில் நின்று பேசுவது மட்டுமே அவர் தொழில். அவர் ஸ்பேனர் பிடித்ததை யாரும் பார்த்ததில்லை, ஸ்பேனரே பார்த்ததில்லை. சட்டையின் வெள்ளையில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். இருபது வருஷமாக இயந்திரங்களுக்கு நடுவே வாழ்ந்து இப்படியொரு வெண்மையைக் காப்பாற்றுவதென்றால் அது தவம். சோம்பலில் அவர் முனிவர்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை.

“அழாத தங்கச்சி. அண்ணன் எதுக்கு இருக்கேன்? நானும் ஒரு நோட்டு எழுதிக்கிட்டேதான் வந்தேன். இந்தா!”

மெக்கானிக் புரட்டினாள்.

“அண்ணே, பக்கத்துக்குப் பக்கம் ‘நான் கழற்றினேன், நான் பற்றவைத்தேன்’னு இருக்கு?”

“நான் சொல்லித்தானேம்மா நீ செஞ்ச? மூளை செஞ்சதைக் கை செஞ்சதா எழுத முடியுமா?”

பெயிண்டர் தரையில் துப்பப் போனவர், இன்ஸ்பெக்டரைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

மணி 10.50.

இன்ஸ்பெக்டர் அந்த நோட்டை முகர்ந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் ஒரு கிரீஸ் கைரேகை, பொட்டு வைத்ததுபோல ஒரே இடத்தில்.

“பிரமாதம் சார். அன்னன்னைக்கே எழுதுனதா?”

“அன்னன்னைக்கே! கை கழுவறதுக்கு முன்னாடி எழுதிருவேன்.”

“முதல் நாள் பக்கத்தைக் கொஞ்சம் வாசிங்க. உங்க குரல்ல கேக்கணும்.”

ஷோரூமுக்கு இதைவிட இனிப்பான வேண்டுகோள் உண்டா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘இன்று பின்விளக்குகளைக் கழற்றினேன். இடது விளக்குக்குப் பச்சைக் கம்பி, வலது விளக்குக்கு மஞ்சள் கம்பி. மறக்காமல் இருக்க உடனே குறித்துக்கொண்டேன்.’”

“தங்கச்சி உதவி செஞ்சாங்களா?”

“அவ டார்ச் பிடிச்சா.”

“நல்லது. சார், கார் டிக்கியைத் திறங்க.”

அவர் திறக்கத் தெரியாமல் இரண்டு நிமிஷம் தடவினார். பெயிண்டர் வந்து திறந்துவிட்டார். உள்ளே புதுக் கம்பிகள் பளபளத்தன. இடது விளக்குக்குப் பச்சை. வலது விளக்குக்கு மஞ்சள்.

“பாத்தீங்களா மேடம்? நோட்டுல உள்ளபடியே இருக்கு!”

“அதுதான் சார் தப்பு.”

இன்ஸ்பெக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

“இந்தப் புதுக் கம்பி எப்ப போட்டீங்கம்மா?”

“ஆரம்பிச்சு பதினாலு மாசம் கழிச்சு மேடம்.”

இன்ஸ்பெக்டர் ஆணியிலிருந்த பழைய கொத்தை எடுத்து ஷோரூமின் மூக்குக்கு நேராக ஆட்டினார். “முதல் நாள் கழட்டுனது இதை. இதுல பச்சை எது? மஞ்சள் எது?”

“அது… அழுக்கு மேடம். நான் துணியைச் சுரண்டிப் பாத்தேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாக்கத்தியால் இரண்டு கம்பிகளைச் சுரண்டினார். துணிக்கு அடியில் இரண்டும் கறுப்பு ரப்பர்.

“சனி, ஞாயிறு ரெண்டு நாளும் முடிஞ்ச கார் முன்னாடி உக்காந்து, கண்ணுல பட்டதையெல்லாம் பின்னோக்கி எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இருக்கற வண்டியைப் பாத்து அன்னைக்குக் கழட்டுனதைக் கற்பனை பண்ணிட்டீங்க. பெயிண்டர் அந்த மூணு பக்கத்துக்கு மேல ஆசைப்பட மாட்டார். டாக்டர் தன் வண்டியைத் தானே முடக்கிக்க மாட்டார். பூட்டை நெம்புனது நீங்க. நோட்டு எங்க?”

ஷோரூம் வாசல் சோபாவின் மெத்தையைக் கையால் காட்டினார். பெயிண்டர் ஒரே இழுப்பில் தூக்கினார். நோட்டு அங்கே இருந்தது. மெக்கானிக் கட்டிவைத்த நூல் முடிச்சுகூட அவிழவில்லை.

இன்ஸ்பெக்டருக்கே தாங்கவில்லை.

“யோவ்! திருடுனீங்க, சரி. பிரிச்சு ஒரு தடவை பாத்து எழுதியிருந்தா நானே ஏமாந்திருப்பேனே?”

“நூத்தித் தொண்ணூறு பக்கம் மேடம்,” என்றார் ஷோரூம், நியாயம் கேட்கும் குரலில். “யார் படிக்கறது?”

மணி 12.00.

மதிப்பீட்டாளர் வாசலில் இறங்கியபோது, எதிரே ஒரு வெள்ளைச் சட்டை போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வந்து நோட்டுக்காகக் கை நீட்டினார்.

“ஒரு நிமிஷம் சார். இன்னைக்குள்ளது எழுதல,” என்றாள் மெக்கானிக்.

தேதி போட்டாள். அதற்குக் கீழே, இரண்டு வருஷமாக எழுதிய அதே நிதானமான கையெழுத்தில் எழுதினாள்:

‘அண்ணன்: கழற்றப்பட்டது. திரும்பப் பொருத்தத் தேவையில்லை.’