குளிர் அறையிலிருந்து ஒரு மெயில்

போன் வீறிட்டது.

மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள் இன்ஸ்பெக்டர் நெலீடா.

"மேடம்... மேடம்!" மறுமுனையில் ஒரு பெண் குரல் நடுங்கியது. "என் புருஷன் எனக்கு மெயில் அனுப்பியிருக்காரு!"

"அதுக்கு எதுக்கும்மா போலீஸ்?"

"அவரை நேத்துதான் புதைச்சோம்!"

நெலீடா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க...?"

"மேபல். டார்டோ சில்வேராவோட மனைவி."

பெயரைக் கேட்டதும் நினைவு வந்துவிட்டது. மான்டிவிடியோ துறைமுகத்துக்கு எதிரே, செர்ரோவில் இருக்கும் இறைச்சி ஏற்றுமதிக் கம்பெனி. அதன் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி டார்டோ. செவ்வாய்க்கிழமை மதியம் குளிர் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. புதன் காலையில் தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே விறைத்துக் கிடந்தார். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது.

விபத்து என்று எழுதி ஃபைலை மூடியிருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்காரு?"

மேபல் விசும்பலுக்கு நடுவே படித்தாள்.

"'மேபல், டைரக்டர் மில்டன் என்னைக் குளிர் அறைக்குத் தனியா வரச் சொல்றாரு. கெட்டுப்போன கறிக்குத் தேதி மாத்தி ஒட்டினது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் வீட்டுக்கு வரலைன்னா அந்த ஆளை விடாதே...' செவ்வாய்க்கிழமை மதியம்னு தேதி இருக்கு மேடம். ஆனா வந்தது இன்னிக்குக் காலையில!"

* * *

ஜீப் செர்ரோவை நோக்கிப் பறந்தது. அந்த ஊரில் ஆகஸ்ட் என்றால் நடுக்குளிர்காலம்; காற்று கண்ணாடியை அறைந்தது.

மாத்தே போடும் வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கியபடி சார்ஜென்ட் வால்டர் கேட்டான்.

"ஏன் மேடம், மேலே போனவங்களுக்கும் நெட்வொர்க் கிடைக்குதா? என் மாமியார் போய்ச் சேர்ந்தாச்சு. இனி மெயிலைத் திறக்கவே மாட்டேன்!"

"வாயை மூடிட்டு வா."

கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி இல்டா பின்டோஸ் அவர்களை எதிர்கொண்டாள். அழுது சிவந்த கண்கள்.

"பேய் இல்ல மேடம். பேக்கப்!"

"புரியற மாதிரி சொல்லும்மா."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க மெயில் சர்வர் படுத்துருச்சு. உள்ளே இருந்த மெயில் எல்லாம் குழம்பிப் போச்சு. நல்லவேளை, காப்பி எடுத்து வெச்சிருந்தோம். அதை நேத்து கொலோனியா கிளைக்குக் கொண்டுபோய், அங்க சும்மா கிடந்த வேற சர்வர்ல ஏத்தினேன். இன்னிக்குக் காலையில ஆன் பண்ணதும், போகாம சிக்கிக் கிடந்த மெயில் தானா கிளம்பிருச்சு. டார்டோவோடது அப்படித்தான் போயிருக்கு."

"பழைய இடத்துலயே ஏத்த வேண்டியதுதானே?"

இல்டா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டைரக்டரும் அதையேதான் சொன்னாரு. சொன்னாரு என்ன... கத்தினாரு! பழைய டிஸ்க்குலயே ஏத்தினா, அதுல மிச்சம் மீதி இருக்கறதும் அழிஞ்சுரும் மேடம். நான் முடியாதுன்னுட்டேன். மறுநாள் பார்த்தா டிஸ்க்கையே காணோம்!"

"எங்கே போச்சு?"

"அவரையே கேளுங்க."

* * *

டைரக்டர் மில்டன் லாரோசாவுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

"டார்டோவைக் குளிர் அறைக்குக் கூப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல!"

"செவ்வாய் மதியம் எங்கே இருந்தீங்க?"

"வெளியே... சாப்பிட."

"யாரோட?"

மில்டன் மேசை மேலிருந்த பேப்பர்களை அடுக்கத் தொடங்கினார்.

"பழைய டிஸ்க்குலயே ஏத்தச் சொல்லி ஏன் கத்தினீங்க?"

"அது... அதுதான் கம்பெனி வழக்கம்..."

"கார் சாவியைக் கொடுங்க."

கொடுத்தார். சாவியோடு போன வால்டர், நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு திரும்பி வந்தான்.

"டிக்கியில, ஸ்டெப்னிக்கு அடியில தூங்கிட்டிருந்துச்சு மேடம்."

பிரித்தான்.

டிஸ்க்!

"அது என் சொந்த விஷயம்... நீங்க நினைக்கற மாதிரி இல்ல..." மில்டன் உளறினார்.

"ஸ்டேஷன்ல வந்து உளறுங்க. நடங்க!"

* * *

வரவேற்பறையைக் கடக்கும்போது ரிசப்ஷனிஸ்ட் சூலி போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சார்... நீங்க செவ்வாய்க்கிழமை காலையில அனுப்பின ஆர்டர் எங்ககிட்ட இல்ல... இன்னொரு தடவை அனுப்புங்க சார்..."

போனை அறைந்து வைத்தவள், வேடிக்கை பார்க்க வந்து நின்ற இல்டாவிடம் பாய்ந்தாள்.

"உன் புண்ணியத்துல காலையில இருந்து திட்டு வாங்கறேன்! திங்கட்கிழமை வரைக்கும் எல்லாம் இருக்கு. செவ்வாய்க்கிழமை மெயில் ஒண்ணுகூட இல்ல. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இல்லையாம்!"

"பேக்கப் எடுத்தது திங்கட்கிழமை ராத்திரி. அதுக்கப்புறம் வந்தது எப்படி இருக்..."

இல்டா பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெலீடா நின்றாள். மெதுவாகத் திரும்பினாள்.

"ஆபீஸ்ல யாருக்குமே செவ்வாய்க்கிழமை இல்ல. டார்டோவுக்கு மட்டும் எப்படி இருந்துச்சு?"

"அது... சில சமயம்..."

"சில சமயம்? திங்கட்கிழமை ராத்திரியே செவ்வாய்க்கிழமை மதியத்து மெயிலைக் காப்பி எடுத்துருமா?"

இல்டாவின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"நேத்து கொலோனியாவுல உன்கூட யார் இருந்தா?"

இல்டாவின் கண் வாசல் பக்கம் போனது.

"யாருமில்ல. இங்க ஏத்தியிருந்தா பக்கத்துல நாலு பேர் நின்னிருப்பாங்க. அங்க நீதான் ராணி! டார்டோ பேர்ல நீயே தட்டினே. நீயே அனுப்பினே!"

இல்டா வாசலை நோக்கி ஓடினாள்.

குறுக்கே ஃபிளாஸ்க்கோடு நின்றான் வால்டர்.

"வெந்நீர்ம்மா. கொட்டிரும்!"

* * *

சாயங்காலத்துக்குள் போலீஸ் லேபில் டிஸ்க் வாயைத் திறந்துவிட்டது. அதில் டார்டோவின் நிஜமான செவ்வாய்க்கிழமை மெயில் இருந்தது... டைரக்டருக்கு!

'நம்ம விலை விவரத்தையெல்லாம் போட்டிக் கம்பெனிக்கு விக்கறது இல்டாதான் சார். ஆதாரம் இருக்கு. நேர்ல பேசலாம்.'

"டைரக்டர் அதைப் பார்க்கறதுக்கு முன்னாடி நீ பார்த்துட்டே. அப்படித்தானே?"

எதிரே இல்டா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"குளிர் அறையில இருக்கற கம்ப்யூட்டர் ஓடலைன்னு சொல்லிக் கூப்பிட்டேன்... கால்ல விழுந்தேன் மேடம். மனசு இறங்கல. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கைப்பிடி உடைஞ்சது எனக்கு முன்னாடியே தெரியும்... கொஞ்ச நேரம் தட்டினாரு... அப்புறம் தட்டல."

நெலீடா மூடிக் கிடந்த விபத்து ஃபைலைத் திறந்தாள்.

"அப்புறம் சர்வரைப் படுக்க வெச்சே. விபத்துன்னு மூடின கேஸை ஏன் கிளறினே?"

"பழைய டிஸ்க்குலயே பேக்கப்பை ஏத்தி அந்த மெயிலை அழிக்கத்தான் நானும் நினைச்சேன். டைரக்டர்கிட்ட முடியாதுன்னேன்னு சொன்னது பொய். புதன்கிழமை முழுக்க போலீஸ் இருந்ததால முடியல. மறுநாள் போனா டிஸ்க் இல்ல! மில்டன்தான் எடுத்திருக்கணும்... படிச்சிட்டா நான் தொலைஞ்சேன். அதுக்குள்ள அவரை உள்ளே தள்ளிடலாம்னு..."

அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மேபலுக்கு நெலீடாவே போன் செய்து சொன்னாள்.

"அப்போ... அவர் கடைசியா எனக்கு ஒண்ணுமே எழுதலையா மேடம்?"

"ஃபைல்ல இனி விபத்துன்னு இருக்காதும்மா," என்றாள் நெலீடா.

போனை வைத்தபோது கதவருகே மில்டன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம்... டிஸ்க்குல என் மெயிலையும் பார்த்திருப்பீங்க. போட்டிக் கம்பெனியில வேலை கேட்டு எழுதினது... செவ்வாய் மதியம் அவங்களோடதான் சாப்பிட்டேன். எங்க முதலாளிக்குத் தெரிஞ்சா வெளியே தள்ளிடுவாரு. அந்த டிஸ்க்கை..."

"அது கோர்ட்டுக்குப் போகுது சார். உங்க முதலாளியும் படிப்பாரு."

"ஐயோ! என் வேலை?"

மாத்தேயை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வால்டர் அவர் தோளில் தட்டினான்.

"எதுக்கு சார் பயம்? இல்டாகிட்ட விலை விவரம் வாங்கின ஆளைத் தூக்கத்தான் இப்ப போறேன். போட்டிக் கம்பெனியில உங்களுக்கு ஒரு நாற்காலி காலி!"