கழித்தபின் மிஞ்சும் மூச்சு

யாரும் இல்லாத அறையில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகப் பெட்டி சொன்னது.

அறை, அவளுடைய வீட்டுப் படுக்கையறை. பெட்டி, சோதனைக்காக அதன் கூரையில் ஒட்டியிருந்த, சாசர் அளவிலான வெள்ளை வட்டு. அவளோ ஊரின் மறுகோடியில், ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான். அந்தக் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் திரையில் ‘ஆட்கள்: 1’ என்றிருந்தது. அதன் கீழே ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

பல்பிலிருந்து லிஃப்ட் வரை எல்லாம் செய்யும் பெரிய நிறுவனம் அது. அதன் ஆராய்ச்சிப் பிரிவு அந்த ஆண்டு வெளியிடவிருந்தவற்றில் மேலிடம் பெரிதாக நம்பியிருந்தது இந்தப் பெட்டியைத்தான். வீட்டில் தனியாகக் கிடக்கும் நோயாளிகளுக்கானது. கேமரா கிடையாது, உடம்பில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. கூரையிலிருந்து ரேடியோ அலையை அனுப்பும்; அது நெஞ்சில் பட்டுத் திரும்பும். மூச்சு வாங்கும்போது நெஞ்சு எழும்புவது ஒரு நகத்தின் கனம்கூட இருக்காது. அந்த அளவு போதும்.

ஆனால் சுவரும் பீரோவும் சுற்றும் மின்விசிறியும்கூட அலையைத் திருப்பி அனுப்பும். ஆகவே, எது மாறாமல் இருக்கிறதோ, எது ஒரே சீராகத் திரும்பத் திரும்ப அசைகிறதோ, அதையெல்லாம் பெட்டி மெல்ல மெல்லப் படித்துக்கொண்டு மொத்தத்திலிருந்து கழித்துவிடும். மிச்சம் இருப்பது மனிதர். அந்தக் கழித்தல் விதியை எழுதியவள் அவள்.

“ஃபேன் ஓடுதா அக்கா?” என்று கேட்டான் பக்கத்து மேசைக்காரன். அவன் ரகசியம் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும் என்பதால் கூடத்தில் அவனுக்கு டெசிபல் என்று பெயர்.

“ஆஃப்.”

“ஜன்னல்?”

“சாத்தியாச்சு.”

“பூனை கீனை உள்ள போயிருக்குமோ?”

“எந்தப் பூனை இப்படிக் கடிகாரம் மாதிரி மூச்சு விடும்? நல்லா பாரு.”

டெசிபல் பார்த்தான். பிறகு பெட்டி இதுவரை படித்து வைத்திருந்ததைத் திறந்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டான்.

“அக்கா, இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கழித்தல் கணக்கு. சாருக்கு மூச்சு மெஷின் வெச்சிருந்தீங்கல்ல? அது ஒரே சீராத் தள்ளும். நம்ம பெட்டி அவரையும் ஃபேனோட சேர்த்துப் படிச்சிருச்சு.”

கடைசி மாதங்களில் பெட்டி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது உண்மைதான். “உன் பெட்டி என்னை ஆளாவே மதிக்கல. பீரோன்னு நினைச்சிருச்சு போல,” என்று முகமூடிக்குள்ளிருந்து அவர் சிரித்தார். “பீரோவாவது துணியை ஒழுங்கா வெச்சுக்கும்,” என்று அவளும் சிரித்தாள். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“இப்ப கட்டில் காலி,” என்றான் டெசிபல். “ஆனா பெட்டி இன்னும் அவர் மூச்சைக் கழிச்சுக்கிட்டே இருக்கு. இல்லாததுல இருந்து கழிச்சா என்ன மிஞ்சும்? அதே மூச்சு, தலைகீழா. மெஷின் தள்ளுற நேரத்துல எழும்ப வேண்டிய கோடு தாழும். பெட்டி அளவைத்தான் பார்க்கும், மேலயா கீழயான்னு பார்க்காது. அதான் ஒருத்தர் இருக்கார்னு சொல்லுது.”

“அப்போ இது அவர் இல்ல.”

“அவர் இருந்த இடத்துப் பள்ளம், அக்கா.” முதல் முறையாக அவன் குரல் தாழ்ந்தது. “நாளைக்குக் கழட்டிக் கொண்டாந்துடுங்க, அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடலாம். அழிக்காட்டியும் தானாவே போயிடும். காலிக் கட்டிலையும் அது படிச்சுக்கிட்டே இருக்குல்ல.”

அவள் தலையாட்டினாள். பச்சைக் கோட்டின் உயரம் காலையில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே அறைக்குள் இருட்டு கட்டியிருந்தது. ஸ்பிரிட் நெடியும், ரப்பர் வாசனையும், எத்தனை முறை துவைத்தாலும் தலையணையை விட்டுப் போகாத அவருடைய எண்ணெய் வாசனையும் காற்றில் நின்றன. கட்டிலை ஒட்டிய நாற்காலியில், இத்தனை மாதமும் உட்கார்ந்த அதே வாக்கில் உட்கார்ந்து, டேப்லெட்டை மடியில் வைத்துப் பார்த்தாள். கோடு இன்னும் தாழ்ந்திருந்தது. ஒரு மனிதரை இரண்டாம் முறை சாகக் கொடுப்பது இப்படித்தான் இருக்கும் போலும். சத்தமில்லாமல், சிறு சிறு கோடாக.

காலிக் கட்டில் பெட்டிக்கு அவரை மறக்கக் கற்றுக்கொடுக்கிறது. அப்படியானால் கட்டில் காலியாக இருக்கக் கூடாது. அவர் படுத்த இடத்தில், அவர் விட்டது போலவே யாராவது மூச்சு விட வேண்டும். மூச்சு இயந்திரம் இன்னும் தலைமாட்டில்தான் இருந்தது. வாடகைக்குத் தந்தவர்கள் மறுநாள் எடுத்துப் போக ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவள் படுத்து முகமூடியை மாட்டிக்கொண்டாள். வார்கள் அவர் தலையின் அளவிலேயே இருந்தன. இழுத்துக் கட்டினாள். இயந்திரம் உயிர்பெற்று அவளுக்குள் காற்றைத் தள்ளியது, நிறுத்தியது, தள்ளியது. சற்று நேரத்தில் அவள் நெஞ்சு அதற்குப் பணிந்தது.

திரையில் ‘ஆட்கள்: 0’ என்று வந்தது. பள்ளம் நிரம்பிவிட்டது. பெட்டி அவளை அவராக எண்ணிக் கழித்துவிட்டது. முகமூடிக்குள் அவள் அழுதாள்.

‘ஆட்கள்: 1.’

அறையின் படத்தில் ஒரு பச்சைப் புள்ளி. கட்டிலில் இல்லை. நாற்காலியில்.

அவள் பதறவில்லை. காரணம் உடனே தோன்றிவிட்டது. அந்த நாற்காலியில் மாதக்கணக்காக உட்கார்ந்து, தன்னை அறியாமலே இயந்திரத்தின் தாளத்துக்கு அவளும் மூச்சு விட்டிருக்கிறாள். பெட்டி அவளையும் படித்திருக்கும். இப்போது அவள் அங்கே இல்லை. எனவே அங்கே ஒரு பள்ளம். அவளுடைய பள்ளம்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. பள்ளம் என்றால் கோடு தலைகீழாக இருக்கும், இயந்திரத்தின் தாளத்திலும் இருக்கும். கோட்டைப் பெரிதாக்கினாள்.

தலைகீழாக இல்லை. உண்மையான நெஞ்சு ஒன்று எழும்பித் தாழ்ந்தது. இயந்திரத்தின் தாளமும் இல்லை. நீளமாக ஒரு இழுப்பு. நடுவில் சின்னதாக ஒரு தடுக்கல். பிறகு விடுதல். நோய் வருவதற்கு முன், உறங்கும்போது அவர் அப்படித்தான் மூச்சு விடுவார். அந்தத் தடுக்கல் கேட்கும்வரை அவளுக்குத் தூக்கம் வராது.

நாற்காலி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெறும் நாற்காலி. அதன்மேல் அவள் உட்கார்ந்த சூடுகூட இருக்கலாம்.

முகமூடியைப் பிடுங்கினாள். தன் இயல்பில் மூச்சு விட்டாள். புள்ளி மறைந்தது. கட்டிலில் ஒரு புள்ளி வந்தது, அது அவள். ‘ஆட்கள்: 1.’

மழை. இயந்திரத்தின் சீறல். வேறெதுவும் இல்லை.

மறுபடி மாட்டினாள். கட்டில் புள்ளி போயிற்று. மற்றது வந்தது.

நாற்காலியில் இல்லை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில்.

பள்ளம் நகராது.

கழற்றினாள். இல்லை. மாட்டினாள். கட்டிலின் ஓரம்.

மெத்தை மெல்ல அமிழ்ந்தது. அவளுடைய இடுப்புக்குப் பக்கத்தில். எண்ணெய் வாசனை. கழுத்தில் மூச்சு. இழுப்பு. தடுக்கல். விடுதல். காற்று குளிர்ந்திருந்தது, ஈர மண்ணுக்குள்ளிருந்து வருவது போல. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தாள். இயந்திரம் வாய் நிறையக் காற்றைத் தள்ளியது.

கை முகமூடியின் வாருக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

அவரை இருத்திக்கொள்ளும் வழி தெளிவாக இருந்தது. முகமூடியைக் கழற்றக் கூடாது. இயந்திரம் தருவதைத் தவிர வேறு மூச்சு விடக் கூடாது. அசையக் கூடாது. அப்படிக் கிடக்கும்வரை பெட்டி அவளைக் கழித்துவிடும், அவரை எண்ணும்.